தடையோட்ட நாயின் உடற்பேணல்: மீஞ்சூர் வட்டாரத்துக்கு உரியவை

நாயும் அதை நடத்திச் செல்பவரும் ஒரே அணியாக இயங்கி, எண்ணிட்டு வைக்கப்பட்ட தடைகளைக் கம்பி விழாமலும் வரிசை தவறாமலும் மிகக் குறைந்த நேரத்தில் கடக்க முயலும் விளையாட்டு அஜிலிட்டி எனப்படுகிறது. இவ்வியலில் அது தடையோட்டம் என்று வழங்கப்படும். 1978-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட வெற்று நேரத்தை நிரப்புவதற்காக, குதிரைகளின் தடை தாண்டும் போட்டியை ஒட்டி அமைக்கப்பட்ட ஒரு காட்சியாகவே அது முதலில் அரங்கேறியது. பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.சி.ஐ. என்னும் பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பின் விதிகளின்படி இன்று நடைபெறும் போட்டிகளில், தோள் உயரம் 48 செ.மீ.க்கு மேற்பட்ட நாய்கள் 55 முதல் 60 செ.மீ. உயரமுள்ள கம்பிகளைத் தாண்டுகின்றன, 170 செ.மீ. உச்சியுள்ள கூரை வடிவச் சட்டத்தில் ஏறி இறங்குகின்றன, 60 செ.மீ. இடைவெளியில் நட்ட 12 கம்பங்களின் ஊடே உடலை வளைத்து வளைத்து ஓடுகின்றன.

இந்த அசைவுகள் உடலின் எப்பகுதியில் சுமையை ஏற்றுகின்றன என்பதை அறிந்த பிறகே பயிற்சியைத் திட்டமிட வேண்டும். தாண்டி இறங்கும் நாயின் எடை முழுவதும் முதலில் முன்கால்களின் மேல் விழுவதால் தோள்மூட்டும் மணிக்கட்டும் அதிகம் அடிபடுகின்றன. திடீர்த் திருப்பங்களும் வழுக்கலும், முதுகெலும்பின் அடிப்பகுதியையும் தொடையெலும்பையும் இணைத்து இடுப்பை மடக்க உதவும் உட்தசையை இழுத்துக் காயப்படுத்துகின்றன. இத்தகைய காயங்கள் ஒரே நாளில் தோன்றுவதில்லை. வலுப்பெறாத தசையோடும் மிகுந்த எடையோடும் கடினத் தரையில் பலமுறை தாண்டிய நாயிடம் அவை மெல்லச் சேர்ந்து, ஒருநாள் நொண்டலாக வெளிப்படுகின்றன.

சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய இத்தொழிற்பட்டையில் நாயை வளர்ப்போர், வெளிநாட்டுப் பயிற்சி நூல்களில் காணப்படும் அட்டவணைகளை அப்படியே பின்பற்ற இயலாது. அந்நூல்கள் குளிர்ந்த புல்வெளியையும் வறண்ட காற்றையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. இங்கோ கடலை ஒட்டிய ஈரப்பதம், அனல் மின் நிலையங்களின் சாம்பல் தூசி, கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை, உவர்ப்பேறிய நிலத்தடி நீர், ஆண்டு முழுதும் பெருகும் உண்ணி ஆகியவை நாயின் உடல்நிலையைத் தீர்மானிக்கின்றன. இப்பகுதியில் ஒரு நாய் தடையோட்டத்துக்குத் தகுதியாவதும் ஆகாமற்போவதும் பெரும்பாலும் தடைகளுக்கு வெளியே, அன்றாடப் பேணலில்தான் முடிவாகிறது.

வெப்பமும் ஈரப்பதமும்

மனிதர் உடல் முழுதும் வியர்த்து வெப்பத்தை வெளியேற்றுகின்றனர். நாயின் வியர்வைச் சுரப்பிகளோ பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே பயன்படுகின்றன. ஆகவே அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, வாயிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைக் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் குறைந்து, எவ்வளவு இரைத்தாலும் பயன் கிடைப்பதில்லை என்பதால், வறண்ட ஊரின் 36 டிகிரியை விடக் கடலோர மீஞ்சூரின் 33 டிகிரி நாய்க்குக் கடுமையாக இருக்கக்கூடும். வெப்பமானியில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்துப் பயிற்சி நேரத்தை முடிவு செய்வது இங்கு நிகழும் தவறுகளுள் முதன்மையானது.

நண்பகலையொட்டி வீசத் தொடங்கும் கடற்காற்று வெப்பத்தைச் சற்றுத் தணித்தாலும் ஈரத்தைக் கொண்டுவருகிறது. மாலையில் வெயில் இறங்கிய பின்னரும் சிமென்ட் தரையும் தார்ச்சாலையும் உள்வாங்கிய வெப்பத்தை வெகுநேரம் உமிழ்ந்துகொண்டிருக்கின்றன. விடியற்காலையில் ஈரப்பதம் மிகுதியாக இருப்பினும் தரையும் காற்றும் குளிர்ந்திருப்பதால், அதிகாலை 5 மணி முதல் 6.30 மணி வரையிலான பொழுதே பயிற்சிக்கு உகந்தது. ஆலைகளில் இரவுப் பணி முடித்து வருவோருக்கு இது எளிதன்று. எனினும் காலை 9 மணி வெயிலில் அரைமணி நேரம் ஓட்டுவதைக் காட்டிலும் அன்று ஓட்டாமல் விடுவது நாய்க்கு நன்மை. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால், அத்தரையில் நாயின் பாதமும் வேகும். அக்கினி நட்சத்திர நாட்களில் தாண்டும் பயிற்சியை முற்றிலும் நிறுத்தி, நிழலில் செய்யும் மெதுவான சமநிலைப் பயிற்சிகளோடு அமைவதே முறை.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை ஆகும். கடுமையாக ஓடிய நாயிடம் அது 40-ஐத் தாண்டுவதும் உண்டு; ஆனால் ஓய்ந்த சில நிமிடங்களில் இறங்கத் தொடங்க வேண்டும். நாக்கின் நுனி அகன்று தட்டையாகத் தொங்குதல், எச்சில் கெட்டியாகி நூல்போல் வடிதல், ஈறு செங்கல் நிறம் அடைதல், நடை தள்ளாடுதல், அழைத்தால் திரும்பிப் பாராமை ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். வெப்பநிலை 41 டிகிரியை எட்டுமாயின் உள்ளுறுப்புகள் சிதையும் ஆபத்து உண்டு.

அத்தகைய நாயை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடுவதற்கு முன்பே குளிர்விக்கத் தொடங்கிவிட வேண்டும். நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுதும் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றி, மின்விசிறிக் காற்றோ வண்டியின் காற்றோ படும்படி செய்வது சிறந்த முதலுதவி. மாடித் தொட்டியின் குழாய் நீர் பகலில் கொதிக்கும் என்பதால், சூடான நீர் வடிந்து தீரும் வரை திறந்துவிட்ட பிறகே அதைப் பயன்படுத்தலாம். பயிற்சியிடத்தில் இரண்டு குடம் தண்ணீரை நிழலில் எப்போதும் வைத்திருப்பது இதைவிட நம்பகமானது. நனைத்த துண்டை உடல்மேல் போர்த்தி வைப்பது வெப்பத்தை உள்ளேயே தேக்கும் ஆதலால் அது கூடாது. வெப்பநிலை 39.5 டிகிரியளவில் இறங்கியதும் குளிர்விப்பதை நிறுத்த வேண்டும். நாய் எழுந்து நடமாடத் தொடங்கினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். சிறுநீரகச் சேதமும் ரத்தம் உறைதலில் ஏற்படும் கோளாறும் பல மணி நேரம் கழித்தே வெளிப்படக்கூடியவை. லாரி நெரிசல் மிகுந்த சாலையில் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவமனை வரை போய்ச் சேர ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, அருகிலுள்ள மருத்துவர் ஒருவரின் எண்ணை முன்கூட்டியே குறித்துவைத்திருப்பது இவ்வட்டாரத்தவரின் கடமை. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இயங்குகிறது. எலும்பு, மூட்டு தொடர்பான சிக்கல்களுக்கு அது செல்லத்தக்க இடம்.

தரை, நீர், தூசி

தடையோட்டத்துக்கு ஏற்ற தரை, கால் பதியும் அளவுக்கு மென்மையும் வழுக்காத பிடிப்பும் கொண்டதாக இருத்தல் வேண்டும். அறுவடை முடிந்த வயலும் பள்ளி மைதானத்தின் செம்மண் தரையும் பொருந்தும். ஆனால் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் கிடக்கின்றனவா என்று ஒவ்வொரு நாளும் நடந்து பார்த்து அகற்ற வேண்டும். வெடித்துப் பிளந்த களிமண் வயலில் ஓடும் நாயின் கால் பிளவுக்குள் சிக்கி மணிக்கட்டு முறியக்கூடும். வயல்வெளிகளில் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் நடமாடுவதால், அதிகாலை 5 மணிக்கே சென்றாலும் வெளிச்சம் தெளியுமுன் அங்கு நாயை அவிழ்த்துவிடக் கூடாது. கடற்கரையில் ஓட்டுவதாயின் அலை நனைத்த இறுகிய மணலே ஏற்றது. உலர்ந்த தளர்மணலில் நீண்ட நேரம் ஓடுவது தசைநாண்களை, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களை, அளவுக்கு மீறி இழுக்கிறது.

மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருப்பது நீரியல் அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் செய்தி. ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்த்தால் நாய் குடிக்கும் அளவு குறைந்து, ஓட்டத்துக்குப் பின் நீரிழப்பு எளிதில் நேர்கிறது. வீட்டார் குடிக்கும் நீரையே நாய்க்கும் வைப்பது ஆடம்பரம் ஆகாது. ஓய்வில் உள்ள நாய்க்கே ஒரு கிலோ எடைக்கு நாள்தோறும் 50 முதல் 60 மி.லி. நீர் தேவைப்படுவதால், 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேலாகவும், பயிற்சி நாட்களில் அதனினும் கூடுதலாகவும் வேண்டும். நீச்சல் தசைக்கு நல்ல பயிற்சியே. ஆயினும் சாம்பல் கழிவும் ஆலைக் கழிவும் கலந்த எண்ணூர்க் கழிமுகத்திலும் அதையொட்டிய கால்வாய்களிலும் நாயை இறக்கலாகாது. உட்பகுதி ஊர்களின் பம்பு செட்டுத் தொட்டி அதற்குப் போதும்.

சாம்பல் தூசி படியும் நாட்களில் நாய் தும்முவதும் கண்ணில் நீர் வடிவதும் இயல்பு. தூசி பறக்கும் காற்றில் வேகப் பயிற்சியைத் தவிர்த்து, வீடு திரும்பியதும் கண், பாத இடுக்கு, வயிற்றுப்புறம் ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும்

இவ்வட்டாரத்து நாய்களை விளையாட்டிலிருந்து விலக்கிவைக்கும் நோய்களுள் உண்ணிக் காய்ச்சலுக்கு நிகரானது வேறில்லை. பழுப்பு நாயுண்ணி பரப்பும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரி வெள்ளணுக்களையும், பபீசியா என்னும் ஒட்டுண்ணி சிவப்பணுக்களையும் தாக்குகின்றன. முன்னதில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கிலிருந்து ரத்தம் வடியலாம். பின்னதில் ஈறு வெளிறி, சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறலாம். ஆயினும் தடையோட்ட நாயிடம் நோயின் முதல் அடையாளம் இவற்றுக்கெல்லாம் முன்பே தோன்றிவிடுகிறது. நேற்றுவரை தயங்காமல் தாண்டிய கம்பியின் முன் அது நின்றுவிடும். கடைசித் தடைகளில் வேகம் குறையும். பயிற்சி முடிந்ததும் விளையாட அழைத்தாலும் படுத்துக்கொள்ளும். இதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எண்ணித் தண்டிப்பது கொடுமை. நான்கைந்து நாட்களுக்கு மேல் இத்தளர்ச்சி நீடித்தால் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

பழுப்பு நாயுண்ணி வீட்டுக்குள்ளேயே தன் வாழ்க்கைச் சுற்றை முடித்துக்கொள்ளக் கூடியது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து உதிர்ந்து, சுவர் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஒவ்வொரு வளர்ச்சிப் பருவத்திலும் நாயின் மீது ஏறி ரத்தம் குடித்து மறுபடியும் இடுக்குக்குத் திரும்புகின்றன. ஆகவே நாயின் மேல் கண்ணுக்குத் தெரியும் உண்ணியை மட்டும் பிடுங்கிப் போடுவதால் பயனில்லை. விரிசல்களைப் பூசி அடைப்பதும் படுக்கைத் துணியை வாரந்தோறும் வெந்நீரில் அலசுவதும் மருந்தோடு சேர்ந்து நடக்க வேண்டும். உண்ணியைக் கொல்லும் புளூராலேனர், அஃபாக்சோலேனர் போன்ற மெல்லும் மாத்திரைகளை மருத்துவர் குறிக்கும் இடைவெளியில், கோடை மழை என்று பாராமல், ஆண்டு முழுதும் கொடுப்பது இங்குத் தேவையாகிறது. வலிப்பு கண்ட நாயாயின், இம்மாத்திரைகளைத் தொடங்குமுன்னரே அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கடையில் வாங்கி நாய்க்குப் பூசும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது. கோலி இன நாய்களிலும் அவற்றின் உறவினங்களிலும் எம்.டி.ஆர்.1 என்னும் மரபணுக் குறைபாடு காணப்படுவதால், உண்ணிக்கென்று போடப்படும் ஐவர்மெக்டின் ஊசி அவற்றின் மூளையைப் பாதிக்கக்கூடும்.

காய்ச்சல் தணிந்தவுடன் நாயை மீண்டும் தடைகளுக்கு அழைத்துச் செல்லலாகாது. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மருந்து பொதுவாக நான்கு வாரம் கொடுக்கப்படுகிறது. அதன் பின்னர் ரத்த அணுக்கள் இயல்பு நிலைக்கு வந்தன என்று சோதனை காட்டிய பிறகே தாண்டும் பயிற்சி தொடங்கலாம். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு வேட்டை நாய்கள் கிரேஹவுண்டைப் போன்ற உடலமைப்புக் கொண்டவை. கிரேஹவுண்டுகளில் சிவப்பணு மிகுந்தும் தட்டணு குறைந்தும் இருப்பது நோயன்று, இயல்பு என்று அறியப்பட்டுள்ளது. ஆதலின் இத்தகைய நாட்டு நாய் நலமாக இருக்கும்போதே ஒருமுறை ரத்தம் பரிசோதித்து அறிக்கையைப் பத்திரப்படுத்திவைத்தால், பின்னர் நோய் ஐயம் எழும்போது எது அதற்கு இயல்பு என்று மருத்துவர் ஒப்பிட்டறிய முடியும்.

தடுப்பூசிகளைப் பொறுத்தவரை, வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதிலும் பின்னர் ஆண்டுதோறும் போடப்பட வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய தொற்றுநோய்களுக்கான ஊசிகள் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கிப் பதினாறாம் வாரம் வரை தொடர வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரா நோய், வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கும் தாழ்நிலங்களில் பெருகும் என்பதால், அதற்கான ஆண்டு ஊசி ஐப்பசிக்கு முன்பே முடிந்திருப்பது நலம்.

உணவும் எடையும்

1987 முதல் பதினான்கு ஆண்டுக்கு மேல் 48 லேப்ரடார் நாய்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு, உடன்பிறப்பைக் காட்டிலும் கால் பங்கு குறைவாக உண்ட நாய்கள் ஏறத்தாழ 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன என்றும், அவற்றின் மூட்டுத் தேய்வு தாமதித்தது என்றும் காட்டியது. தாண்டும் நாய்க்கு இதன் பொருள் வெளிப்படை. கூடுதல் எடை ஒவ்வோர் இறக்கத்திலும் தோளின்மேல் விழுகிறது. விலாவை உள்ளங்கையால் மென்மையாகத் தடவும்போது எலும்புகள் கொழுப்பின் தடையின்றித் தட்டுப்பட வேண்டும்; மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கியிருக்க வேண்டும். சிப்பிப்பாறையின் விலா சற்றுத் தெரிவது அதன் இயல்பு. அதைப் பட்டினி என்று எண்ணிச் சோறூட்டும் அக்கம்பக்கத்தாரை அன்போடு தடுக்க வேண்டியிருக்கும்.

20 கிலோ நாயின் ஓய்வுநிலை ஆற்றல் தேவை ஏறத்தாழ 660 கிலோ கலோரி. மிதமாக உழைக்கும் நாளில் அது 1,050 அளவை எட்டும். தயிர்ச்சோறு மட்டுமே உண்ணும் நாய்க்குக் கலோரி கிடைத்தாலும் தசையைக் கட்டும் புரதம் போதாது. முட்டை, கோழி இறைச்சி, மீன் ஆகியவற்றோடு அளவான சோறோ கேழ்வரகோ சேர்க்கலாம். எலும்பில்லா இறைச்சியில் கால்சியம் குறைவு என்பதால் வீட்டுணவு மட்டும் கொடுப்போர் துணைச்சத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். சாம்பாரின் சின்ன வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தின் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரியாணியின் வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். ஆழ்ந்த மார்புக் கூடுடைய நாய்களில் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், பயிற்சிக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் பேருணவைத் தவிர்ப்பது பாதுகாப்பு.

உடலை உருவாக்குதல்

வளரும் நாயின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்னும் மென்மையான குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. பேரினங்களில் அது மூடப் பதினெட்டு மாதங்கள் வரை ஆகலாம். எஃப்.சி.ஐ. போட்டிகளில் 18 மாதம் நிறைவடையாத நாய் ஓட அனுமதிக்கப்படாததற்கு இதுவும் பொருந்திய காரணம். அதுவரை கம்பியைத் தரையில் கிடத்திக் கடக்கச் செய்தல், குழாய்க்குள் புகுந்து வெளிவரப் பழக்குதல், கையசைவைப் பின்தொடரக் கற்பித்தல் ஆகியவையே போதும். பேரினமாயின் போட்டிப் பயிற்சிக்கு முன் இடுப்பு மூட்டின் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

முதிர்ந்த நாய்க்கும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் முழு உயரத் தாண்டல் வேண்டியதில்லை. எஞ்சிய நாட்களில் இருபது முதல் முப்பது நிமிடம் சீரான துள்ளுநடை, அதாவது குறுக்கெதிர்க் கால்கள் இணைந்து நகரும் நடை, இருபுறத் தசையையும் சமமாக வளர்க்கிறது. மேடில்லாத இச்சமவெளியில் ஏரிக்கரைச் சரிவே ஏற்றப் பயிற்சிக்கு உதவும். செங்கற்களின் மேல் பி.வி.சி. குழாய்களை நாயின் மணிக்கட்டு உயரத்துக்குக் கிடத்தி, ஏறத்தாழ அதன் தோள் உயர அளவு இடைவெளியில் ஆறு வரிசை அமைத்து மெதுவாக நடக்கச் செய்தால், தன் பின்கால் எங்கே விழுகிறது என்பதை நாய் உணரப் பழகுகிறது. அதிகச் செலவில்லாத இப்பயிற்சியைப் பலர் புறக்கணிப்பது வருந்தத்தக்கது. பயிற்சிக்கு முன் ஐந்து முதல் பத்து நிமிடம் நடத்தி உடலைச் சூடேற்றவும், முடிந்ததும் மூச்சு இயல்பாகும் வரை நடத்தி ஆற்றவும் வேண்டும்.

நாட்டு நாய்களின் பொருத்தப்பாடு குறித்தும் சில சொல்ல வேண்டும். 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நான்கு நாயினங்களுள் ஒன்றான ராஜபாளையம், வெண்ணிறத்தோடு தொடர்புடைய பிறவிச் செவிட்டுத்தன்மை சில நாய்களில் காணப்படும் இனம். அத்தகைய நாயைக் குரலின்றிக் கையசைவால் நடத்தலாம். வேட்டைக்குப் பிறந்த கன்னியும் சிப்பிப்பாறையும் நேர்க்கோட்டு வேகத்தில் வல்லவை. குறுகிய திருப்பங்களில் அவை பார்டர் கோலிக்கு ஈடாகா. அவற்றுக்கு நீண்ட பயிற்சி சலிப்பூட்டும். இரண்டு மூன்று தடைகளுக்குப் பின் துரத்திப் பிடிக்க ஒரு துணிப் பொம்மையை வீசினால் அவை மனமுவந்து திரும்பி ஓடிவரும்.

முன்காலின் உட்புறம் சற்று உயரத்தில் உள்ள ஐந்தாம் விரல் பயனற்றது என்று கருதி வெட்டிவிடுவோர் உள்ளனர். வேகமாகத் திரும்பும்போது அவ்விரல் தரையைப் பற்றி மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளாமல் காக்கிறது; அதை வெட்டக் கூடாது. பிற நகங்கள் சிமென்ட் தரையில் நடக்கையில் சத்தமிடாத அளவுக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை நறுக்கப்பட வேண்டும். மழைக்காலத்தில் நெடுநேரம் நனைந்து ஊறிய பாதத்தின் தோல் எளிதில் உரிந்துவிடுவதால், மழை விட்டு நான்கைந்து நாள் தரை உலர்ந்த பின்னரே மீண்டும் ஓட்ட வேண்டும். மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த காலைகளில் கம்பியை முழங்கை உயரத்திலிருந்து தொடங்கி, வாரத்துக்கு ஐந்து செ.மீ. வீதம் உயர்த்திச் செல்லலாம்.